அவர் வழியாக வந்த முகவரி

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தில் டீ கூட நேராக வராது. எதிரிலேயே கடை. ஜன்னலைத் திறந்தால் வடை வாசனை மேசைக்கே வரும். ஆனால் கீழே இறங்கிப் போய், "மூணாவது மாடிக்கு நாலு டீ" என்று சொன்னால் கடைக்காரர் டபராவைக் கழுவிக்கொண்டே, "அண்ணாத்தே ஒண்ணும் சொல்லலியே மேடம்" என்பார். அண்ணாத்தே இன்டர்காமில் சொன்னால்தான் டீ. முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு ஒருநாள், நான் கேட்காமலே சர்க்கரை கம்மியாக ஒரு டீ மேலே வந்தது. அன்றிலிருந்து, இப்படி ஒரு மனிதர் இருப்பது எவ்வளவு வசதி என்று புதிதாக வருகிறவர்களிடம் நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

அவருக்குப் பெயர் உண்டு. அதை எழுத எனக்கு மனமில்லை. கட்டடமே அவரை அண்ணாத்தே என்றுதான் கூப்பிட்டது. நான் மட்டும் "அண்ணே" என்பேன். என் அப்பா தெற்கத்திக்காரர், ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்தும் வீட்டுப் பேச்சு என் நாக்கை விடவில்லை. அண்ணாத்தே என்னைத் தங்கச்சி என்றார். வாய்வார்த்தைக்குச் சொல்கிறார் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

குள்ளமான ஆள். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போனும் ஒரு டெஸ்டரும். பேசும்போது எதிராளியின் முழங்கைக்குக் கீழே கையை வைத்துக்கொள்வார். வராந்தாவில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் அவரால் தாண்டிப் போக முடியாது. நடுவில் வந்து நிற்பார். இந்தப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை, அந்தப் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் இரண்டு பேரும் அவரிடம்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். எதைக் கேட்டாலும் முடிவில் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "நான் கீறேன் இல்ல?"

தொழிலும் அதற்கேற்றதாகவே அமைந்திருந்தது. லைன் கம்பெனியிடமிருந்து ஒரு பெரிய இன்டர்நெட் லைனும், அதோடு ஒரு கொத்துப் பொது முகவரிகளும் தன் பெயரில் வாங்கி வைத்திருந்தார். வெளியுலகத்திலிருந்து ஒரு கணினியை யாராவது தேடி வர வேண்டுமென்றால் அதற்கென்று ஓர் எண் வேண்டும். உலகத்தில் வேறு எந்தக் கணினிக்கும் இல்லாத எண். அதைத்தான் பொது முகவரி என்கிறேன். அவருடைய முகவரிகள் அத்தனையும் தரைத்தளத்தில் அவர் அறை மூலையில் இருந்த ஒரே ஒரு பெட்டிக்கு வந்து இறங்கும். கேட்வே என்பார். இந்த எண் முதல் மாடி ஆடிட்டருக்கு, இந்த எண் மூன்றாம் மாடியில் எனக்கு என்று அந்தப் பெட்டி பிரித்து அனுப்பும்.

"அபார்ட்மென்ட் மாதிரிதாம்மா. ஃப்ளாட்டு எத்தினி இருந்தா இன்னா, கேட்டு ஒண்ணுதான். எவன் வந்தாலும் செக்யூரிட்டியப் பாத்துட்டுதான் உள்ள போவணும்."

"செக்யூரிட்டி நீங்களாண்ணே?"

"பின்ன? நான் கீறேன் இல்ல?"

நான் செய்தது வண்டிகளைக் கண்காணிக்கும் தொழில். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதை வண்டியின் டாஷ்போர்டுக்குள் பொருத்திவிட்டால் வண்டி எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி நாம்தான் அதற்குச் சொல்லித் தர வேண்டும். அங்கே ஒரு பெயரும் போடலாம், எண்ணும் போடலாம். பெயர் போட்டால் அந்தப் பெயர் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்பதை நான் நினைத்தபோது மாற்றிக்கொள்ள முடியும். எண் போட்டால், அந்த எண் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் வண்டி.

நான் பெயர்தான் போட இருந்தேன். அவர்தான் கையைப் பிடித்தார்.

"பேரு எதுக்கு தங்கச்சி? அந்தப் பேரு எங்க கீதுன்னு அது தேடிகினு கெடக்கும். சீப்பான கருவி, வழியில மக்கர் பண்ணும். நம்பரப் போடு, நேரா வந்து உழும். நான் உசுரோட கீற வரைக்கும் அந்த நம்பரு உன்னுது."

நானும் எண்ணையே போட்டேன். பூந்தமல்லி ஸ்கூல் வேன்கள், செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் லாரிகள், வானகரத்துக் குடோன் வண்டிகள் எல்லாவற்றிலும் அதே எண். வண்டிகளில் ஒட்டின ஸ்டிக்கரில் இருந்த சர்வீஸ் நம்பரும் அவர் பெட்டி வழியாக வருகிற இன்டர்நெட் போன்தான். வேண்டாம் என்று ஏன் சொல்லவேண்டும்? அவர் இருந்தாரே.

பின்பக்க ஷெட்டில் அண்ணன் தம்பி இருவர் லேத் வைத்திருந்தார்கள். இருவருக்கும் ஒருநாள் பெரிய சண்டை. அண்ணாத்தே போய் நடுவில் நின்றார். அண்ணனிடம், "நீ அவன்கிட்ட பேசாத, இன்னா வேணுமோ என்கிட்ட சொல்லு" என்றார். தம்பியிடமும் அதையே சொன்னார். சண்டை அன்றோடு நின்றது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி வேலை செய்துகொண்டே, ஒரு டிரில் பிட் வேண்டுமென்றால் கூட அவருக்குப் போன் போட்டு, "தம்பிகிட்ட கேட்டு வாங்கிக் குடுங்க" என்பார்கள். அவரும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி மிடுக்காக நடந்து போய் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார். நான் அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். என்னிடம் வேலை பார்த்த பாஸ்கர் மட்டும் சிரிக்கவில்லை. "அவங்க ரெண்டு பேரும் இனிமே எப்பக்கா பேசிக்குவாங்க?" என்றான்.

அதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைக்காததற்குக் காரணமும் அவரேதான். ஒரு கார்த்திகை மாதம் மதியத்தில் பிடித்த மழை விடவே இல்லை. பள்ளிக்கூடங்களைப் பாதியில் விட்டுவிட்டார்கள். வேன்கள் எல்லாம் ரோட்டில். கரண்ட் போயிற்று, ஜெனரேட்டர் ரூமுக்குள் தண்ணீர். தாய்மார்கள் போனில் அழுகிறார்கள், "எம் புள்ள எங்கக்கா இருக்கு?" என்று. அண்ணாத்தே தன் கார் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். கட்டடத்தில் இருந்த இன்வெர்ட்டர்களை எல்லாம் இழுத்து வந்தார். அவர் அறையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. மேசை மேல் நாற்காலி, நாற்காலி மேல் அந்தப் பெட்டி, அதைக் கையால் அணைத்துப் பிடித்தபடி தண்ணீரிலேயே நின்றார். என் திரையில் ஒரு வேன் கூட மறையவில்லை. மேரி அக்கா என்று ஒருவர், தன் வேனைத் தானே ஓட்டுகிறவர், கோவில்பதாகையில் மாட்டிக்கொண்டிருந்தார். எந்தத் தெருமுனை என்று நான் பார்த்துச் சொல்லச் சொல்ல, அப்பாக்கள் இடுப்பளவு தண்ணீரில் அங்கேயே போய்ப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கீழே ஓடிப்போய், "எல்லாரும் வீடு சேந்துட்டாங்கண்ணே" என்று சொன்னேன். குளிரில் அவருக்குப் பல் கிட்டித்துப் போயிருந்தது. பேச முடியாமல் என் தலையைத் தொட்டார். அந்த மனிதரை நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?

எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. என் மகளுக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைப்பது என்று அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள். இதைச் சும்மா பேச்சுவாக்கில்தான் அவரிடம் சொன்னேன். "நான் கீறேன் இல்ல?" என்றார். பட்டுப்பாவாடை, வளையல், வெற்றிலை பாக்கோடு தாம்பூலத் தட்டு என்று ஒரு குறையும் வைக்காமல் குடும்பத்தோடு வந்தார். கோயிலில் நாங்கள் பேசி வைத்திருந்த ஆசாரியை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒருவரையே கூட்டி வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு அதில் முணுமுணுப்பு. ஆனால் குழந்தை வீறிட்டபோது அதைவிட அதிகமாக அழுதது அண்ணாத்தேதான். அன்று முதல் எங்கள் வீட்டில் எந்தப் பலகாரம் செய்தாலும் முதல் டப்பா அவருக்குப் போனது.

பூந்தமல்லியில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் எங்களிடம் வருவதாக இருந்தது. அதன் நிர்வாகி ஒரு கேள்வி கேட்டார்: "அந்த முகவரி உங்க பேர்ல இருக்குதானே?" விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பாஸ்கர் ஏற்கனவே நச்சரித்துக்கொண்டிருந்தான். "லைன் கம்பெனிகிட்ட நேரா நம்ம பேர்ல ஒண்ணு வாங்கிடலாம்க்கா. அண்ணாத்தே லைனும் இருக்கட்டும், அது பாட்டுக்கு." சரி என்று ஒருநாள் லைன் கம்பெனிக்குப் போன் செய்து விசாரித்தேன். விசாரித்தேன், அவ்வளவுதான். அங்கே பேசியவர் தேனொழுகப் பேசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் எங்களுக்கு டீ வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தது. அண்ணாத்தே வழக்கம்போல் சிரித்தார், மகளைப் பற்றிக் கேட்டார். அப்போது இரண்டாம் மாடிக்கு ஒரு கம்பெனி புதிதாக வந்திருந்தது, எங்கள் தொழிலேதான். அவரே அவர்களை என்னிடம் அழைத்து வந்து, "நம்ம பசங்கதான் தங்கச்சி, கொஞ்சம் சொல்லிக் குடு" என்றார். எந்தக் கருவி, எப்படிப் பொருத்துவது என்றெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தேன்.

பிறகு ஒரு காலை. அலுவலகத்துக்கு வந்து திரையைத் திறந்தால் ஒரு வண்டி கூட இல்லை. எல்லாப் புள்ளிகளும் சாம்பல் நிறத்தில், விடியற்காலை நின்ற இடத்திலேயே நிற்கின்றன. எங்கள் கணினியில் கோளாறு என்று பாஸ்கர் எதையெதையோ பார்த்தான். கோளாறு எதுவும் இல்லை, வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, அவ்வளவே. ஒரு டிரைவருக்குப் போன் போட்டான். "புது ஆப் போடச் சொன்னாங்களே சார், அதுல நல்லாத்தானே காட்டுது" என்றார் டிரைவர். பாஸ்கர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் படியில் இறங்கி ஓடினேன்.

"இன்னா தங்கச்சி, மூச்சு வாங்குது? ஒக்காரு."

"வண்டி ஒண்ணும் வரலண்ணே."

"வருதே. ரெண்டாவது மாடிக்கு வந்துகினு கீது. காலைல மாத்தி உட்டேன்."

"எதை மாத்தி விட்டீங்க?"

"அந்த அட்ரஸத்தான். ஒரு வரி. உன் ரூமுக்குப் போய்கினு இருந்தத அவங்க ரூமுக்குத் திருப்பி உட்டேன்."

"அது என் அட்ரஸ்ணே."

"உன்னுதா?" அவர் குரல் ஏறவே இல்லை. "என் பேர்ல கீது. நீதான் உன் பேர்ல தனியா வாங்கப் போறியாமே. லைன் கம்பெனில நேரா கேட்டியாமே."

"விசாரிச்சேன். விசாரிக்கிறது ஒரு தப்பா?"

"தப்பே இல்ல. ஆனா என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? உன் பொண்ண மடில வெச்சிகினு ஒக்காந்தவன் நானு. என்னைத் தாண்டி எவன்கிட்டயோ போய் நின்னியே, எனக்கு எப்டி இருந்திருக்கும்னு நெனச்சியா?"

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, சத்தியமாக நடிப்பு இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என் தொழிலை ஒரே வரியில் அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, துரோகம் செய்தது நான் என்று அந்த மனிதர் மனப்பூர்வமாக நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி உடைத்திருப்பேன். உடைத்தால் கட்டடத்தில் அத்தனை பேருக்கும் பிழைப்பு நிற்கும். கை எழவில்லை. அவர் இன்டர்காமை எடுத்து, "ஒரு டீ அனுப்பு, சக்கர கம்மியா" என்றார். எனக்குத்தான்.

மேலே வந்து, எங்கள் பெரிய வாடிக்கையாளரான தண்ணீர் லாரிக்காரருக்குப் போன் செய்தேன். பெரிய மனிதர், சொல்லுக்குச் சொல் "அம்மா" போட்டுப் பேசுவார். நான் வாயைத் திறப்பதற்குள், "எல்லாம் தெரியும்மா. நீங்க நல்லபடியா இருங்க, உடம்பப் பாத்துக்குங்க, இப்ப பேச வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவருக்கே தெரிந்திருக்கிறது, தெரிந்தேதான் போயிருக்கிறார். "எஸ்.எம்.எஸ். அனுப்பிக் கருவிய எல்லாம் மாத்திடலாம்க்கா" என்றான் பாஸ்கர், நான் விடவில்லை. அதற்குப் பிறகு யாரிடமும் நான் பேசவில்லை. வேண்டாம் என்று போனவர்கள் வாசலில் போய் நிற்க எனக்கு வராது. யாராவது ஒருவராவது கூப்பிடுவார்கள் என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் கூட இல்லை, ஒரு வார்த்தை கூட இல்லை. எனக்கு அண்ணாத்தேமேல் இருந்த வயிற்றெரிச்சல் மெல்ல எல்லார்மேலும் படர்ந்துவிட்டது. மழையில் பிள்ளைகளைத் தேடிக் கொடுத்தேனே, நன்றி கெட்ட ஜனங்கள் என்று வீட்டில் உட்கார்ந்து திட்டினேன். பாஸ்கரை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அறையைக் காலி செய்தோம்.

சில வாரங்கள் கழித்து ஆவடி மார்க்கெட்டில் மேரி அக்காவின் வேன் நின்றிருந்தது. பார்க்காத மாதிரி போய்விடத்தான் நினைத்தேன். அவர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"யம்மா, நீயா! எழுந்து நடக்கிறியா? ஒடம்பு தேவலையா?"

"எனக்கென்னக்கா? நல்லாத்தான் இருக்கேன்."

"இன்னா நல்லா கீற? பெரிய ஆபரேஷன்னு சொன்னாரே அண்ணாத்தே. இனிமே தொழில் பண்ண முடியாது, அதான் ரெண்டாவது மாடிக்காரங்ககிட்ட குடுத்துட்டா, அவளே என்கிட்ட சொல்லி அழுதான்னாரு. எங்களுக்கெல்லாம் கையும் ஓடல, காலும் ஓடல. போன் பண்ணி அவள கஷ்டப்படுத்தாதீங்க, இன்னா சொல்லணுமோ என்கிட்ட சொல்லுங்க, நான் போய் சொல்றேன்னாரு. அதான் சொல்லி உட்டேனே."

"என்ன சொல்லி விட்டீங்க?"

மேரி அக்கா என் முகத்தையே பார்த்தார். "சொல்லலியா?"

"இல்லக்கா."

"நீ எழுந்து வர வரைக்கும்தான் அந்தக் கம்பெனி, வந்துட்டா மொதல்ல என் வேன் உன்கிட்டதான்னு சொல்லி உட்டேன். மாதாகிட்ட வேண்டிகினு மெழுவத்தி ஏத்துனேன்னு சொல்லச் சொன்னேன். அதக் கூடவா சொல்லல? எத்தினி பேரு அந்த ரூமுக்குப் போய் நின்னோம் தெரியுமா? தண்ணி லாரிக்காரரு ஒக்காந்து ரொம்ப நேரம் பேசிகினு இருந்தாரு உன்னைப் பத்தி. துண்டால கண்ணத் தொடச்சிகினாரு. இன்னா சொன்னாருன்னு எனக்குக் கேக்கல."

கீரைக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடுமார்க்கெட்டில் நான் அழுதேன். வண்டிகள் போனபோது கூட அப்படி அழவில்லை. என்னை மறந்துவிட்டார்கள் என்று நான் சபித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் இவர்கள் எனக்காக யார் யாரிடமோ வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதில் ஒரு சொல்லைக் கூட அந்த மனிதர் என்னிடம் வர விடவில்லை.

அங்கேயே, அந்த வேனிலேயே உட்கார்ந்து, அதன் கருவிக்கு ஓர் எஸ்.எம்.எஸ். அனுப்பி, அந்த எண்ணை எடுத்துவிட்டு, முதலில் போட இருந்த, எனக்கே சொந்தமாக வாங்கி வைத்திருந்த பெயரைப் போட்டேன். அதன் பிறகு வீடு வீடாக, ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் போனேன். பாஸ்கரும் திரும்பி வந்தான். வண்டிகளில் பாதிக்கு மேல் திரும்பிவிட்டன. எனக்கென்று அவர்கள் அண்ணாத்தே அறையில் சொல்லிவிட்டு வந்ததை மட்டும் திரும்பப் பெற வழியில்லை. கேட்டால், "என்னவோ சொன்னேம்மா, நல்லதாத்தான் சொன்னேன்" என்கிறார்கள். அவர்களுக்கே மறந்துவிட்டது.

தண்ணீர் லாரிக்காரரைப் பார்க்கச் செம்பரம்பாக்கம் போனபோது அவர் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். முந்தின நாள் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டாராம். அவர் எனக்காக என்ன சொன்னார் என்பது இப்போது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். வேண்டுமென்றால் அவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும். நான் கேட்க மாட்டேன்.